மொத எடுப்பும் வெற்றியாளர் விடியலும்

கம்பம் மெட்டு ரோட்டுல, மலை ஏறுறதுக்கு முன்னாடி கடைசியா இருக்குற இட்லிக்கடை என்னோடது. என் பேரு மதலேனாள். பொறந்தது ராயப்பன்பட்டி, வாக்கப்பட்டது கம்பம். ஏலத்தோட்டத்துக்குப் போற ஜீப்பெல்லாம் விடியுற நேரத்துல என் கடையில நிக்கும். பொம்பளையாளுக காலைக்கு இட்லியத் தின்னுட்டு, மத்தியானத்துக்குப் புளிச்சோத்துப் பொட்டலத்த வாங்கிக்கிட்டு, அப்பறந்தான் கேரளாவுக்குள்ள ஏறும். இத நான் பொழப்புன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இதுக்குப் பேரு தொழில்முனைவுன்னு எனக்கு யாரும் சொல்லல. சொல்லாமலே விட்டுருந்தா நான் பாட்டுக்கு இருந்திருப்பேன்.

ஜீப்புக்காரகளுக்கு ஒரு வழக்கம் இருக்கு. ஏலக்கா எல்லாம் ஒரே சமயத்துல பழுக்காது. பழுத்த காய மட்டும் பறிக்கிற எடுப்பு ஒரு சீசன்ல நாலஞ்சு வரும், ஒவ்வொரு எடுப்பும் மாசத்துக்கு மேல இழுக்கும். எடுப்பு தொடங்குற மொத நாளு ஜீப்பு எந்தக் கடையில நிக்குதோ, அந்த எடுப்பு முடியுற மட்டும் அந்தக் கடைதான். நடுவுல மாத்த மாட்டாக. மாத்துனா, இவுகள நம்பி அரிசிய ஊறப் போட்டவ என்ன ஆவா? அந்த ஞாயம் ஜீப்புக்காரகளுக்குத் தெரியும். நடுவுல ஒரு நாளு காய்ச்சல்னு நான் படுத்தாக்கூடப் பொறுத்துக்கிருவாக. ஆனா மொத நாளு மட்டும் அடுப்புக்கு முன்னாடி நான் நிக்கணும்.

இப்படி இருக்கையில என் கிரைண்டர்க் கல்லு தேஞ்சு போச்சு. மாவு நறநறன்னு வருது. எங்க வீட்டுக்காரரு லூர்துநாதன் எங்கிட்டோ கேட்டுட்டு வந்து, "மானியத்துல பெரிய கிரைண்டர் குடுக்காகளாம். ஆனா ஒரு வாரம் தங்கிப் பயிற்சி எடுத்து சர்டிபிகேட் வாங்கணுமாம்"னாக. இந்தச் சீசனோட மொத எடுப்புக்கு இன்னும் நாள் கெடக்கேன்னு நெனச்சேன். "போயிட்டு வா, நான் டீயப் போட்டுச் சமாளிக்கேன்"னாக. அவுகளுக்கு டீ மட்டுந்தான் போட வரும். இட்லி ஊத்தச் சொன்னா பாதி தட்டுல, பாதி தரையில.

பயிற்சி நடந்தது உத்தமபாளையத்துக்குப் பக்கத்துல ஒரு கல்யாண மண்டபத்துல. ஓடாமக் கெடந்த மண்டபத்த வாடகைக்குப் பிடிச்சு, 'வெற்றிப்படி தொழில்முனைவோர் மேம்பாட்டு நடுவம்'னு துணியக் கட்டிருந்தாக. பொம்பளைகளுக்கு மணமகள் அறை, ஆம்பளைகளுக்கு மணமகன் அறை. மேடையில பொண்ணு மாப்பிள்ளை உக்கார்ற செவப்பு நாக்காலி ரெண்டும் அப்படியே கெடந்துச்சு. ஒண்ணுல இயக்குநர் ராஜபாண்டி சாரு உக்காந்திருந்தாக. இன்னொண்ணுல தலைமைப் பயிற்றுநர் பெனிஷா மேடம். உள்ள போனதும் மொய் எழுதுற ஆளு எங்கன்னு எனக்குக் கண்ணு தேடுச்சு.

வாசல்லயே எல்லாரு போனையும் வாங்கி ஒரு டப்பாவுல போட்டுப் பூட்டிட்டாக. தொழில்முனைவோருக்குக் கவனச் சிதறல் கூடாதாம். மாவுமில்லு வச்சிருக்குற ஒருத்தரு, "சார், ஆர்டர் வரும் சார்"னாரு. "ஆர்டர்தான் இருக்கறதிலேயே பெரிய கவனச் சிதறல்"னாக ராஜபாண்டி சாரு. சொல்லிட்டு மைக்கப் பிடிச்சாக.

"நண்பர்களே! நான் பணியில் சேர்ந்த நாளிலிருந்து இன்றுவரை ஒரு கடை நடத்தியதில்லை. ஒரு பொருளை விற்றதில்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும். ஆகவேதான் உங்கள் தொழிலை என்னால் எந்தப் பதற்றமும் இல்லாமல், நடுநிலையாகப் பார்க்க முடிகிறது. நஷ்டம் என்றால் நீங்கள் பயப்படுகிறீர்கள். நான் பயப்படுவதில்லை. ஏன்? சிந்தியுங்கள்!"

சிந்திச்சோம். எனக்குப் பக்கத்துல வருசநாட்டு ஜோதிலட்சுமி உக்காந்திருந்தா. இலவம்பஞ்சுல தலகாணி தச்சு விக்கிறவ. மாதிரிக்குன்னு ஒரு மூட்டத் தலகாணிய வேற தூக்கிட்டு வந்துருந்தா. "ஏன்க்கா சாரு பயப்பட மாட்டேங்குறாக?"ன்னு மெல்லக் கேட்டா. "அதான் சம்பளம் வருதுல்லடி"ன்னேன். "பேசக் கூடாது, சிந்திக்க மட்டும்தான் செய்யணும்"னு பெனிஷா மேடம் மைக்குல சொன்னாக.

மறுநா விடியக்காலத்துல இருந்து 'வெற்றியாளர் விடியல்'. வெற்றி பெற்றவங்க எல்லாரும் அஞ்சு மணிக்கே எந்திரிச்சிர்றாங்களாம், நாமளும் பழகணுமாம். நான் வழக்கம்போல முழிச்சிட்டேன். இம்புட்டு வருசமா எந்திரிச்ச ஒடம்பு, கல்யாண மண்டபம்னா அதுக்குத் தெரியுமா? சும்மா கெடக்க முடியாம எந்திரிச்சு, வாசலக் கூட்டி, தண்ணி தெளிச்சு, பாத்திரத்த வெளக்கிக் கவுத்திட்டு உக்காந்திருந்தேன். அஞ்சு மணிக்கு அலாரம் அடிச்சுச்சு. பெனிஷா மேடம் கொட்டாவி விட்டுக்கிட்டே வந்து, எல்லாரு படுக்கையையும் பாத்தாக. என் படுக்கை காலியா இருந்துச்சு. எனக்கு ஆப்சென்ட் போட்டுட்டாக.

"மேடம், நான் மூணு மணிக்கே எந்திரிச்சிட்டேன்"னேன்.

"அக்கா, மூணு மணி பாடத்திட்டத்துல இல்ல. அலாரம் அடிக்கும்போது நீங்க தூங்கிட்டு இருக்கணும். சோம்பேறித்தனத்த ஜெயிச்சு எந்திரிக்கணும். தூங்கவே இல்லன்னா நீங்க எதை ஜெயிச்சீங்க?"

அன்னையில இருந்து மூணு மணிக்கு எந்திரிச்சு, வேலைய முடிச்சிட்டு, அஞ்சு மணிக்கு முன்னாடி திரும்பப் போய்ப் படுத்துக் கண்ண மூடிக்கிருவேன். அலாரம் அடிச்சதும் கைகால முறிச்சு, முக்கி மொனகி எந்திரிப்பேன். "நல்ல முன்னேற்றம்"னு மேடம் எல்லாரையும் எனக்குக் கைதட்டச் சொன்னாக.

அடுத்து வந்தது வாடிக்கையாளர் வகுப்பு. 'வாடிக்கையாளரே கடவுள்'னு மேடைக்குப் பின்னாடி பெருசா எழுதி ஒட்டிருந்தாக. அவுகவுக வாடிக்கையாளர் யாருன்னு கேட்டாக. "தோட்டத்துக்குப் போற பொம்பளையாளுக"ன்னேன்.

"அவங்களோட வலி என்ன?"

"இடுப்பு வலி மேடம். குனிஞ்சு குனிஞ்சு காயெடுக்கணும்ல."

"அந்த வலி இல்லக்கா. நீங்க ஒரு கற்பனை வாடிக்கையாளர உருவாக்கணும். பேரு ப்ரியா. வயசு இருபத்தியெட்டு. நகரத்துல வேலை பாக்கறாங்க. காலையில நேரம் இல்ல. ப்ரியாவுக்கு உங்க இட்லி ஏன் தேவை? சார்ட்டுல எழுதுங்க."

ப்ரியா மெட்டு ரோட்டுக்கு எதுக்கு வருதுன்னு கேட்டேன். அத நீங்கதான் கண்டுபிடிக்கணும்னாக. சரி, கழுத, சுருளி அருவிக்கு வந்துச்சுன்னு எழுதுனேன். ப்ரியாவோட கனவு என்னன்னு கேட்டாக. எனக்குத் தெரியல. ஜோதிலட்சுமி ப்ரியாவுக்கு ஒரு தலகாணி வித்துட்டா.

ப்ரியாவோட கனவ நான் யோசிச்சுக்கிட்டு இருக்கையிலதான் வாச்சுமேன் வந்தாரு. "கம்பத்து மதலேனாளத் தேடி ஜீப்பு டிரைவரு ஒருத்தரு வந்துருக்காரு. கர்ணனாம்"னாரு.

கர்ணன் கோம்பைக்காரரு. அவரு ஜீப்பு எங்கன நிக்குதோ அங்கனதான் பின்னாடி வர்ற ஜீப்பெல்லாம் நிக்கும். அப்பேர்ப்பட்ட ஆளு, மண்டபம் வரைக்கும் தேடி வந்துருக்காருன்னா சும்மா வரல.

"மேடம், அவருதான் என்னோட கஸ்டமரு. ஒரு எட்டு பாத்துட்டு வந்துர்றேன்"னு எந்திரிச்சேன்.

"அக்கா, இது வாடிக்கையாளர் வகுப்பு. நடுவுல வாடிக்கையாளர் வந்தா வகுப்பு கலைஞ்சிரும். முடியற வரைக்கும் வெளிய நிக்கச் சொல்லுங்க"ன்னாக மேடம்.

சன்னல் வழியாப் பாத்தா கேட்டுக்கு வெளிய வெயில்ல கர்ணன் நிக்காரு. தலையில துண்டப் போட்டுக்கிட்டாரு. கொஞ்ச நேரத்துல செல்போனப் பாத்தாரு. அப்பறம் ஜீப்பப் பாத்து நடந்தாரு, திரும்பி வந்தாரு. எனக்கு உள்ள இருப்பு கொள்ளல. ப்ரியாவுக்குக் கனவு ஒண்ணும் கெடையாதுன்னு எழுதிக் குடுத்துட்டு, டீக்கு மணியடிச்சதும் ஓடுனேன். கம்பிக்கு அங்கிட்டு அவரு, இங்கிட்டு நான்.

"எந்தா சேச்சி இது, ஜெயில்ல போட்டுட்டாகளா?"ன்னாரு. மலையில ஓட்டி ஓட்டி அவரு பேச்சுல அப்பப்ப மலையாளம் வந்து விழும். "போன் அடிச்சா எடுக்க மாட்டேங்குற. மழை விட்டுருச்சு, காயெல்லாம் பழுத்துருச்சாம். விட்டா வெடிச்சிரும்னு தோட்டத்துல கூப்பிட்டுட்டாக. நாளைக்குக் காலையிலயே மொத எடுப்பு."

"நாளைக்கா!"

"நாளைக்குத்தான். நீ வந்து நின்னா உன் கடை. அதுல மாத்தமில்ல. ஆனா பொம்பளையாளுகள வெறும் வயித்தோட மலையேத்த முடியாது சேச்சி. லூர்து டீய வச்சுக்கிட்டு நான் என்னத்தப் பண்ண?"

"நான் வந்துருவேன். எங்க வீட்டுக்காரருட்டச் சொல்லி அரிசிய மட்டும் ஊறப் போடச் சொல்லுங்க. பக்கத்து வீட்டுல ஆட்டிக்கிறச் சொல்லுங்க. விடியுறதுக்குள்ள நான் வந்து ஊத்திருவேன்."

"வாக்கா?"

"வாக்கு."

அவரு போயிட்டாரு. நான் நேரா இயக்குநரத் தேடிப் போனேன். பந்தி போடுற ஹால்ல ஒரு ஓரமா மேசையப் போட்டு ராஜபாண்டி சாரு வடை தின்னுக்கிட்டு இருந்தாக. விசயத்தச் சொன்னேன். "காலையில மட்டும் விடுங்க சார், இட்லிய ஊத்திக் குடுத்துட்டு அடுத்த பஸ்சுலயே வந்துருவேன்"னேன்.

சாரு கையத் தொடச்சாக. "உங்களுக்கு உங்க கடை மேல பற்று அதிகமா இருக்கும்மா. இது ஆபத்து. எங்க ஆய்வுப்படி, தொழில்முனைவோர் பயிற்சியப் பாதியில விடறதுக்கு முதல் காரணமே அவங்களோட தொழில்தான்."

"போகலேன்னா ஜீப்பு வேற கடைக்குப் போயிரும் சார். எடுப்பு முடியுற மட்டும் நான் ஈயோட்டிக்கிட்டுத்தான் இருக்கணும்."

"அப்போ நீங்க ஒரு முடிவு எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன் சார்."

"அங்கதான் தப்புப் பண்றீங்க. முடிவெடுக்கும் திறன் வகுப்பு நாளை மறுநாள்தானே வருது? அதுக்கு முன்னாடி நீங்களா எப்படி முடிவெடுப்பீங்க? எந்த அடிப்படையில?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேந்து வந்துச்சு. "சார், பசிக்கிறவுக ரோட்டுல நிப்பாக சார். அதான் அடிப்படை"ன்னேன்.

"அது உணர்ச்சி. பாருங்கம்மா, இந்தக் குழுவுல யாரும் பாதியில போகல, நூறு சதவீத வெற்றின்னு மேலிடத்துக்கு எழுதியாச்சு."

"பயிற்சியே இன்னும் முடியலையே சார்?"

"முடிவ முதல்லயே எழுதிடணும். அதுக்குப் பேருதான் திட்டமிடல். நீங்க போனா எங்க திட்டமிடல் தப்பாயிடும். வெளிய கால் வச்சா சான்றிதழ் கிடையாது, கிரைண்டர் கிடையாது. கேட்டுச் சாவி பெனிஷா மேடம்கிட்ட இருக்கு. அவங்க தரமாட்டாங்க. வடை சாப்பிடறீங்களா?"

வேணாம்னுட்டேன். சாயங்காலம் ஆபத்தான முயற்சிகள எடுக்கத் துணியணும்னு ஒரு வகுப்பு நடந்துச்சு. ஒரு கண்ணக் கட்டிக்கிட்டு நாக்காலியச் சுத்தி நடக்கச் சொன்னாக. நடந்தேன். மனசு பூரா மெட்டு ரோட்டுல கெடந்துச்சு. கிரைண்டரா கடையான்னு யோசிச்சா, கடையே இல்லாமக் கிரைண்டர என்னத்துக்கு, அதுல தலையவா குடுத்து ஆட்டப் போறேன்? போயிர்றதுன்னு முடிவு பண்ணிட்டேன். வகுப்பு வர்றதுக்கு முன்னாடியே.

விடியக்காலம் எந்திரிச்சதும் ஜோதிலட்சுமிய உசுப்புனேன். காம்பவுண்டுச் சுவரு ஆளு ஒசரம். மேல கண்ணாடித் துண்டு பதிச்சிருந்தாக. அவ தலகாணி மூட்டையப் பிரிச்சு, கீழ அடுக்கி, நாலு தலகாணிய மேல கண்ணாடிக்கு மேலயும் போட்டா. "யக்கா, கிழிஞ்சா கிழியட்டும், ஏறு"ன்னா. எம்புட்டு நல்ல மனசு! மாதாவே காப்பாத்துன்னு சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஏறிட்டேன். ஒரு கால் உள்ள, ஒரு கால் வெளிய. தூரத்துல கோம்பை ரோட்டுப் பக்கம் ஏதோ வண்டி வர்ற சத்தம் கேட்டுச்சு. குதிக்க வேண்டியதுதான் பாக்கி.

பளீர்னு மூஞ்சியில வெளிச்சம் விழுந்துச்சு.

"சூப்பர்க்கா! அப்படியே இருங்க, அசையாதீங்க!"ன்னு பெனிஷா மேடம் செல்லத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்காக. பல்லக்கூட வெளக்கல. "தடைகளைத் தாண்டுதல் நாளைக்குத்தான் பாடம். நீங்க இன்னைக்கே செய்யறீங்க பாருங்க. கொஞ்சம் சிரிங்க!"

"மேடம், நான் போறேன் மேடம்"னேன்.

"எல்லாரும்தான் போறோம். இன்னைக்குக் களப்பயணம். வேன் வந்துருச்சு. சாரே வர்றாங்க."

"எங்க மேடம்?"

"கம்பம் மெட்டு ரோட்டுல ஒரு மசாலாப் பொடி கம்பெனி. வெற்றிபெற்ற தொழில்முனைவோரோட நேருக்கு நேர்."

மெட்டு ரோடு! நான் சுவத்து மேல உக்காந்தே சிலுவை போட்டுக்கிட்டேன். வெளிய குதிச்சா கிரைண்டர் போச்சு, வண்டி கெடைக்குமாங்குறதும் தெரியாது. உள்ள குதிச்சா வேன்லயே கொண்டுபோய்க் கடை வாசல்ல எறக்கிவிடுவாக. கடையும் தங்கும், கிரைண்டரும் கெடைக்கும். ரெண்டுக்கும் ஆசப்பட்டு உள்ள குதிச்சேன். அந்த ஆசைய இப்ப நெனச்சாலும் என்னைய நானே நாலு அறை அறையலாம்னு வருது.

வேன் கெளம்பல. பேனரு கட்டணும்னாக. கட்டுனாக. எழுத்துத் தலைகீழா இருந்துச்சு, அவுத்துக் கட்டுனாக. ராஜபாண்டி சாரு வந்து சேந்தாக. அட்டெண்டன்ஸ் எடுத்தாக. டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்க மறந்துட்டாகன்னு வாச்சுமேன அனுப்பி, எங்கிட்டோ தட்டி எழுப்பி வாங்கியாந்தாக. அப்பறம் உறுதிமொழி. எல்லாரும் கைய நீட்டிக்கிட்டு, "நேரமே செல்வம் என்பதை உணர்ந்து, ஒரு நொடியையும் வீணாக்க மாட்டேன்"னு சொல்லணும். சத்தம் பத்தலன்னு திரும்பச் சொல்லச் சொன்னாக. மாவுமில்லுக்காரரு பிந்திட்டாருன்னு இன்னொருக்காச் சொல்லச் சொன்னாக. கீழ்வானம் வெளுத்துருச்சு. "மேடம், வண்டிய எடுக்கச் சொல்லுங்க மேடம்"னு கெஞ்சுறேன். "இந்த ஆர்வம்தான் வேணும்"னு மத்தவுகளப் பாத்துச் சொன்னாக.

ஒருவழியாக் கெளம்பி அனுமந்தன்பட்டியத் தாண்டவும், "வண்டிய ஓரங்கட்டுங்க, வெளிச்சம் அழகா விழுது, ஒரு குரூப் போட்டோ"ன்னாக ராஜபாண்டி சாரு. எறங்கி வரிசையா நின்னோம். குட்டையானவுக முன்னாடி. அப்ப எங்களத் தாண்டி ஆரன் அடிச்சுக்கிட்டு ஒரு ஜீப்பு போச்சு. பின்னாடி தொங்குற கூடைய வச்சே எனக்குத் தெரிஞ்சு போச்சு. கர்ணன் ஜீப்பு.

"கர்ணா! ஏ கர்ணா! நில்லுப்பா!"ன்னு கத்திக்கிட்டு ரோட்டுக்கு ஓடுனேன். அவருக்குக் கேக்கல. பின்னாடி அதோட கூட்டு ஜீப்புக ஒண்ணுபின்னால ஒண்ணாப் போச்சு.

"அக்கா, உங்களால போட்டோ கலங்கிருச்சு. மறுபடி நில்லுங்க"ன்னாக மேடம். நின்னேன். ஆளு மாத்தி ஆளு நிக்க வச்சு ரொம்ப நேரம் எடுத்தாக. அந்தப் போட்டோவுல நான் மட்டும் ரோட்டப் பாத்துக்கிட்டு இருப்பேன்.

மெட்டு ரோட்டுக்குப் போய்ச் சேந்தா மசாலாக் கம்பெனி பூட்டிக் கெடக்கு. வெற்றிபெற்ற தொழில்முனைவோரு பத்து மணிக்குத்தான் வருவாகளாம். கதவ அரை மணி நேரம் தட்டியும் தெறக்கல. ராஜபாண்டி சாரு ரோட்டுல அங்கிட்டும் இங்கிட்டும் பாத்தாக. கொஞ்சம் மேல, என் கடைப் பக்கம் கூட்டமா இருந்துச்சு. "அங்க பாருங்க கூட்டம்! கூட்டம் எங்கயோ வெற்றி அங்க. வாங்க, அங்கயே போவோம்!"னாக.

கிட்டப் போனோம். ஜீப்பு எல்லாம் வரிசையா நிக்குது. ஆனா என் கடை வாசல்ல இல்ல. எதுத்தாப்புல, ஈஸ்வரபாண்டியோட பஞ்சர்க்கடை வாசல்ல. டயரெல்லாம் ஓரமா ஒதுக்கிட்டு, பெஞ்சுல பாத்திரத்த வச்சு, அவரு சம்சாரம் இட்லிய எடுக்க, அவரு பொட்டலம் கட்டுறாரு. நேத்து வரைக்கும் கிரீஸ் பூசுன கை. என் கடையில அடுப்பு எரியுது. மாவுச் சட்டி ததும்ப ததும்ப இருக்கு. எங்க வீட்டுக்காரரு டீ வடிகட்டிய கையில பிடிச்சுக்கிட்டு, என்னையப் பாத்துட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டாக. தரையில பூரா மாவு. முயற்சி பண்ணிருக்காக, பாவம்.

கர்ணன் என்கிட்ட வந்தாரு. "சேச்சி, எம்புட்டு நேரம் நின்னேன் தெரியுமா? பிள்ளைக பசியில கெடந்துச்சுக. மத்த டிரைவருக கெளம்பணும்னு சத்தம் போட்டாக. ஈஸ்வரபாண்டி தன் வீட்டுக்கு அவிச்ச இட்லிய எடுத்துட்டு வந்து, அப்பறம் புளிச்சோத்துக்கு உலை வச்சாரு. இந்த எடுப்புக்கு அவருக்கு வாக்குக் குடுத்துட்டேன்"னாரு. அவரு மேல எனக்குக் கோவம் இல்ல. அவரு செஞ்சதுதான் மொறை.

ராஜபாண்டி சாரு இதையெல்லாம் கவனிக்கல. ஈஸ்வரபாண்டி தோள்ல கையப் போட்டு எங்க எல்லாத்துக்கும் முன்னாடி நிறுத்திட்டாக. பெனிஷா மேடம் செல்லத் தூக்கிட்டாக.

"ஐயா, இவ்வளவு கூட்டத்த எப்படி ஈர்த்தீங்க? எத்தன வருஷ அனுபவம்?"

"இன்னைக்குத்தான் சார். இப்ப அரை மணி நேரமாத்தான்."

"அரை மணி நேரத்துல இந்த வளர்ச்சி! எழுதிக்கங்க எல்லாரும். உங்க வெற்றியோட ரகசியம் என்ன? கூச்சப்படாமச் சொல்லுங்க."

ஈஸ்வரபாண்டி என்னையப் பாத்தாரு. தலையச் சொறிஞ்சாரு. பொய் சொல்லத் தெரியாத மனுசன். "ரகசியமெல்லாம் ஒண்ணுமில்ல சார். எதுத்த கடை அக்கா ட்ரெய்னிங் போயிருச்சு"ன்னாரு.

ராஜபாண்டி சாருக்கு மூஞ்சி மலந்து போச்சு. "கேட்டீங்களா! போட்டியாளர் எங்க போனாங்க, எப்ப இருக்க மாட்டாங்க, எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கார். ஆள் இல்லாத நேரம் பாத்து உள்ள நுழைஞ்சிருக்கார். இதத்தான் நாங்க சந்தை ஆய்வுன்னு சொல்றோம். இப்படி ஒரு வாய்ப்ப உருவாக்கிக் குடுத்த அந்தப் பயிற்சி நிறுவனத்தையும் பாராட்டணும். கைதட்டுங்க!"

எல்லாரும் தட்டுனாக. மாவுமில்லுக்காரரு விசில் அடிச்சாரு. ஜோதிலட்சுமி தட்டல, என் கையப் பிடிச்சுக்கிட்டா. அப்ப எனக்கு வந்த கோவத்துக்கு, அங்கன கெடந்த டயரத் தூக்கி அந்தச் செவப்பு நாக்காலிக்காரக கழுத்துல மாட்டிருக்கணும். மாட்டல.

ஜீப்பு கெளம்பப் போகுதுன்னு ஆரன் அடிச்சுச்சு. எனக்கு என்ன தோணுச்சோ, "கர்ணா, ஒரு ஆளுக்கு எடம் இருக்கா? காயெடுக்க இன்னொரு ஆளு வேணும்ல"ன்னேன். அவரு பின்பக்கம் கையக் காட்டுனாரு. பொம்பளையாளுக நெருக்கி எடம் விட்டுச்சுக. "அட, மதலேனாக்காவா! ஏறு, ஏறு"ன்னு கையக் குடுத்துத் தூக்குனாக. "மாவ வீணாக்காம வித்துருங்க"ன்னு எங்க வீட்டுக்காரருட்டச் சொன்னேன். தலைய ஆட்டுனாக.

பெனிஷா மேடம் ஓடி வந்தாக. "அக்கா! எங்க போறீங்க? நிறைவு விழாவுல உங்களத்தான் அனுபவம் பேசச் சொல்லியிருக்கோம்!"

ராஜபாண்டி சாரு கூடவே வந்தாக. "நூறு சதவீதம்மா! எழுதியாச்சும்மா! நீங்க போனா உங்க சான்றிதழ நான் என்ன பண்றது?"

"அந்தா நிக்காருல்ல ஈஸ்வரபாண்டி, அவருக்குக் குடுங்க. உங்க பாடத்துல பாஸானது அவருதான்"னேன்.

வயித்தெரிச்சல்ல சொன்னேன். குடுத்துட்டாக. ஆளுக்கணக்குச் சரியா இருக்கணும்ல! நிறைவு விழாவுக்கு ஈஸ்வரபாண்டியக் கூட்டிட்டுப் போயி, செவப்பு நாக்காலியில உக்கார வச்சு, மால போட்டு, சர்டிபிகேட்டும் குடுத்துட்டாக. ரெண்டு வாரத்துல கிரைண்டரும் வந்து எறங்குச்சு. அவரு என்கிட்ட வந்து, "யக்கா, நீ வேணும்னா இதுல ஆட்டிக்கயேன்"னு கூச்சப்பட்டுக்கிட்டுச் சொன்னாரு. நல்ல மனுசன். அவரத் திட்டக்கூட எனக்கு முடியல.

இப்ப நான் ஏலத்தோட்டத்துலதான் காயெடுக்குறேன். குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு விட்டுப் போச்சு. மத்தியானம் எல்லாரோடயும் உக்காந்து ஈஸ்வரபாண்டி கடைப் பொட்டலத்தத்தான் பிரிக்கிறேன். புளியக் காய்ச்சாம அப்படியே கரைச்சு ஊத்துறாரு. உப்பும் தூக்கல். பொம்பளையாளுக தெனமும் மொகத்தச் சுழிக்குதுக. "யக்கா, ஒனக்குத் தெரிஞ்ச கைப்பக்குவந்தான, அந்த மனுசனுக்கு ஒரு வார்த்தை சொல்லிக் குடுக்கக் கூடாதா?"ன்னு கேக்குதுக.

அவரு கேட்டா சொல்லிக் குடுக்கலாம். ஆனா அடுத்த எடுப்போட மொத நாளு ஜீப்பு என் கடையில நிக்கணும்ல? இந்த எடுப்பு முடியுற மட்டும் நான் யாருக்கும் எதையும் சொல்லிக் குடுக்குறதா இல்ல.